சனியைப் பக்கவாட்டில் பார்த்தது பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி முத்துராமன் அவர்களுக்கு,

சிங்கப்பூர் பிடோக்கிலிருந்து ரத்னவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கமும் மகள் நிரஞ்சனாவும் நலம். தோ பாயோவில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை பிரேமும் நலமென்றே நம்புகிறேன்.

சனி பெயர்ந்த பிறகுதான் கல்யாண நாள் குறிக்க வேண்டும் என்றீர்கள். என் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அவர் பெயர்ந்தாகிவிட்டது, உங்கள் வாக்கியப் பஞ்சாங்கப்படி இன்னும் கிளம்பவே இல்லை. எதை நம்புவது? நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கைபேசியில் வானம் காட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். அது சனியைத் தரைக்குக் கீழே காட்டியது. கீழ்வீட்டு ரவூப் பாயிடம் போய், உங்கள் வீட்டில் சனி இருப்பதாகக் காட்டுகிறது என்றேன். அன்றிலிருந்து மனிதர் லிஃப்டில் என்னோடு ஏறுவதில்லை. சனி பூமிக்கு அந்தப் பக்கம் இருந்தால் செயலி அப்படித்தான் காட்டுமாம், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்து, வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்றின் நேரலை. சனிக்கிழமை குளித்துவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். கோயிலில் சனி பகவானுக்கு நேரெதிரே நிற்கமாட்டோம் அல்லவா, அதனால் நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். திரை ஒரே கறுப்பு. சனி எங்கே என்று நேரலை நடத்துபவருக்குத் தட்டச்சு செய்தேன். நடுவில்தான் இருக்கிறது, நன்றாகப் பாருங்கள் என்று பதில் வந்தது. பயந்து இன்னும் ஓரமாகப் போனேன், இன்னும் கறுப்பு. நிரஞ்சனா வந்து, "நேரா உக்காந்து பாருங்க லா, அப்பா. ஓரத்துல இருந்து பார்த்தா இந்த ஸ்க்ரீன் கறுப்பாத்தான் தெரியும்" என்றாள். நேராப் பார்க்கக் கூடாதும்மா என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகள் எத்தனை நாள்தான் காத்திருக்கும்?

வருவது வரட்டும் என்று நேராகவே பார்த்துவிட்டேன். வளையத்தைச் சுற்றிக்கொண்டு சாதுவாகத்தான் இருந்தார். எந்த ராசியில் இருக்கிறார் என்று கேட்டதற்கு, வானத்தில் கோடு எதுவும் கிடையாது, எல்லைகளை வகுத்தது மனிதர்கள்தான் என்றார் நேரலைக்காரர். தலை சுற்றியது. கோடே இல்லாத இடத்தில் அவர் எதைத் தாண்டிப் பெயர்கிறார்? எனக்குப் புரியவில்லை, உங்களுக்குப் புரிந்தால் எழுதுங்கள். ஆனால் மனிதர்கள் போட்டதுதான் என்றால், நாம் இருவரும் உட்கார்ந்து தை மாதத்தில் ஒரு கோடு போடக்கூடாதா? பெண்ணைப் பெற்றவனாகக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் மாப்பிள்ளைக்கு என் ஆசியும் உரித்தாகுக.

தங்கள் அன்புள்ள,
ரத்னவேல்

பி.கு.: அனுப்புமுன் கடிதத்தைத் தங்கத்திடம் படித்துக் காட்டினேன். "பிள்ளைங்க ரெண்டு பேரும் போன மாசமே கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணிட்டாங்க. நீங்களும் சம்பந்தியும் சனியப் பார்த்து முடிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்" என்கிறாள். ஒரு சாட்சி இவளாம், இன்னொரு சாட்சி சம்பந்தியம்மாவாம். அங்கே மெதுவாகக் கேளுங்கள். இங்கே நான் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன், இன்னும் சாப்பாடு வரவில்லை.