பதினேழாம் கட்டிலின் தன்னாட்சி

காலை ஏழு நாற்பது. இருபத்துநான்கு கட்டில். ஒரு செவிலியர், சந்தனமேரி. 2024 நவம்பர் 18 அன்று, கந்தர்வக்கோட்டைப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் பெண்கள் வார்டில் இருந்த நிலவரம் இது. கூரை வழியாக வந்துகொண்டிருந்த மழையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அது பதினேழாம் கட்டிலில் மட்டும் இறங்கியது.

அந்தக் கட்டிலில் நிமோனியாவோடு படுத்திருந்தவர் செவந்தி. முந்திரிக்காட்டில் கூலி வேலை பார்ப்பவர். கட்டிலை நகர்த்த அனுமதி கேட்டு, சென்ற மழைக்காலத்திலிருந்து மூன்று முறை எழுதியிருந்தார் சந்தனமேரி. மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: படுக்கை எண்கள் சுவரில் எழுதப்பட்டுள்ளன, சுவரை நகர்த்த இயலாது.

முந்தின வாரம்தான் 'செவிலியர் பணித் தன்னாட்சி மற்றும் மனநிறைவு மேம்பாட்டுத் திட்டம்' தொடங்கப்பட்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், கண்ணை மூடித் தங்களுக்குள் இருக்கும் தலைவரைப் பார்க்கச் சொன்னார். இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்த செவிலியர்கள் கண்ணை மூடியதும் தூங்கிவிட்டார்கள். அது ஆழ்ந்த மனநிறைவு என்று அறிக்கையில் பதிவானது. முடிவில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார் நிர்வாக அலுவலர் ரகுநாத். 'முடிவு என்னுடையது' என்று அதில் எழுதியிருந்தது.

சந்தனமேரி அதைப் படித்துவிட்டார். அதுதான் தவறு. செவந்தியின் கணவர் சோலையப்பனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டார். பல நாளுக்குப் பிறகு செவந்தி நனையாமல் தூங்கினார்.

பத்து மணிக்கு வந்த ரகுநாத், பதினேழு என்ற எண்ணுக்குக் கீழே வெறும் தரையைக் கண்டார்.

"சிஸ்டர், பதினேழு எங்க?"

"கதவோரமா இருக்குங்க சார். அங்கிட்டு ஒழுகுது."

"கதவுகிட்ட நம்பர் இல்லையேம்மா."

"நம்பர் நனைஞ்சா ஒண்ணும் ஆகாதுங்க. இவங்களுக்கு நிமோனியா. முடிவெடுக்கலாம்னு நீங்கதான பேட்ஜ் குடுத்தீங்க?"

"முடிவெடுக்கலாம். யாரு வேணாம்னா? எடுத்ததைச் செய்யிறதுக்குத்தான் அனுமதி வேணும்."

பன்னிரண்டு மணிக்குள் நிலைமை ஒழுங்குபடுத்தப்பட்டது. பதினேழாம் எண்ணில் நோயாளி காணப்படாததால், செவந்தி 'சொல்லாமல் சென்றவர்' ஆனார். சென்றவருக்கு மருந்து வழங்க விதியில் இடமில்லை. இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி மருந்தகத்திலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கேட்ட சோலையப்பனிடம், அவர் மனைவி போய்விட்ட செய்தி வருத்தத்துடன் தெரிவிக்கப்பட்டது.

"அப்ப வார்டுல இருமுறது யாருங்க?"

"அதைத்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்," என்றார் ரகுநாத்.

ஒன்று ஐம்பதுக்கு சந்தனமேரி கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்தார். சோலையப்பன் மேலே குடை பிடித்தார். செவந்தி திரும்பி வந்துவிட்டதாக எழுதப்பட்டது, ஊசி வந்தது. போட்டு முடித்ததும் கட்டில் மறுபடி கதவோரம் போனது. இப்படி ஒன்பது நாள், ஊசிக்கும் டாக்டர் ரவுண்ட்ஸுக்கும் கட்டில் போய் வந்துகொண்டிருந்தது. டாக்டரும் குடைக்குள் தலையை விட்டுத்தான் பரிசோதித்தார். ஏன் என்று கேட்கவில்லை. செவந்தி பிழைத்தார். சேவையில் முழுத் திருப்தி என்று சோலையப்பன் கையெழுத்திட்ட பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விளக்கம் கேட்டு சந்தனமேரிக்கு மெமோ வந்தது. 'என் முடிவை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். ரகுநாத் நெகிழ்ந்துபோனார்.

"இதுதாம்மா தன்னாட்சி. யாரும் சொல்லாம நீங்களே வாபஸ் வாங்கியிருக்கீங்க பாருங்க."

பிறகு மனநிறைவுப் படிவம் நீட்டப்பட்டது. செவிலியர்களின் பொன்னான நேரம் வீணாகக் கூடாது என்று, 'மிகுந்த மனநிறைவு' என்பதில் அலுவலகமே டிக் போட்டிருந்தது. மற்ற பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆவூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு சந்தனமேரி கொடுத்த மனு அதே மேஜையில், ரகுநாத்தின் முழங்கைக்குக் கீழே இருந்தது. சந்தனமேரி பேனா வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

2025 மார்ச் 12 அன்று பொன்னமராவதியில் அறுபது செவிலியருக்குத் தன்னாட்சிப் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் சந்தனமேரி. பேட்ஜ்களை அவரே கொடுத்தார். அன்று அவருடைய பெண்கள் வார்டில் செவிலியர் இல்லை.