ரோட்டர் என் சட்டைப் பையில்

இந்த ஞாயிற்றுக்கிழமை தலைகீழாக நின்றாலும் மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இந்த வீட்டில் எவன் குடித்தனம் நடத்துவது?

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தன் பித்தப்பை ஆபரேஷனை வீடியோவாக வைத்திருக்கிறார். வருகிறவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார். நடுவில் நிறுத்தி, "கல்லு தெரியுதா மாப்பிள்ளை?" என்பார். தெரியவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து ஓடும். தெரிகிறது என்றால், "இது சின்னது, பெரிசு இனிமேதான் வரும்" என்பார். மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எனக்கிருந்த ஒரே துணை என் கார். என்னைவிட வயதில் மூத்தது. அது ஓடவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். காலையில் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கு போடுகிற ரோட்டரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. மூடியைப் பழையபடி மாட்டிவிட்டு அப்பாவியாக நின்றேன்.

மனைவி புறப்பட்டு வந்தாள்.

"என்னங்க, போலாமா?"

"எங்க போறது? ஸ்டார்ட்டே ஆகலை. இக்னிஷன் கோளாறு."

"அப்ப சரி பண்ணுங்க. முறைச்சுப் பார்த்தா ஓடிடுமா?"

பக்கத்திலேயே நின்றுகொண்டாள். வேறு வழி? நாலு பிளக் வயர்களையும் பிடுங்கினேன். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். கொஞ்சம் கரியை எடுத்து மூக்கிலும் தடவிக்கொண்டேன். நடிப்பென்று வந்துவிட்டால் அரைகுறை ஆகாது.

"ரொம்பக் கஷ்டமோ?"

"ஒரு வாரம் ஆகும்மா."

"பாவம், மெதுவா பண்ணுங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவரே குடும்பத்தோட இங்க வர்றாராம். பத்து நாள் இருப்பாங்க."

"பத்து நாளா?"

"வீடியோவையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். போன தடவை நீங்க பாதியில தூங்கிட்டீங்கன்னு அவருக்கு ஒரே வருத்தம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அவள் உள்ளே போனதும் பாய்ந்து ரோட்டரை மாட்டினேன், பிளக்குகளை முடுக்கினேன். வயர்களை எடுத்தால், எது எங்கே? நாலும் ஒரே கறுப்பு. குத்துமதிப்பாகச் செருகிச் சாவியைத் திருகினேன். "டப்!" என்றது சைலன்சர். மாற்றிச் செருகினேன். "டப் டப்!" எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவி மறுபடி வெளியே வந்தாள்.

"ரெண்டாவதையும் மூணாவதையும் மாத்திப் போடுங்க."

போட்டேன். ஒரே திருகல். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது!

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கழட்டும்போது பார்த்தேனே. காலையில மூடியைத் திறந்ததுலேர்ந்து சமையலறை ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. துணியில் மசி அப்பியிருந்தது.

"அதை விடு. வண்டிதான் சரியாயிடுச்சே, நாமே போயிடலாம். முதல்ல அண்ணனுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு!"

அவள் கைப்பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வாங்கன்னு சொல்லியிருந்தாத்தானே வேண்டாம்னு சொல்றதுக்கு? வண்டியை எடுங்க."