ஏழு தெரு இருமலும் ஒரு மகத்தான வரைபடமும்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான். இருமல் அடுத்து எந்தத் தெருவுக்குப் போகும் என்று கணினியைக் கொண்டு முன்கூட்டியே சொன்னது. அந்தப் பெருமைக்கு உரியவர் தொற்றுநோய் ஆய்வு நிலையத்தின் முதுநிலை ஆய்வாளர்.

மற்ற ஆய்வாளர்கள் உதவியாளர்களை அனுப்பிவிட்டு நாற்காலியைத் தேய்ப்பவர்கள். நம்மவர் அப்படியில்லை. வீடு வீடாகத் தாமே போவார். சோபாவில் உட்கார்ந்து, எண்பத்துநான்கு கேள்விகளையும் நிறுத்தி நிதானமாகப் படிப்பார். முகக்கவசத்தோடு படித்தால் காதில் விழவில்லை என்றார்கள். அறிவியலை முன்னிட்டு அதைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார்.

மாலையில் விடைகளைக் கணினிக்கு ஊட்டுவார். "அடுத்தது நான்காம் தெரு" என்று அது சொல்லும். உடனே மறுநாள் நான்காம் தெருவுக்குப் போய்விடுவார். நோய் வருவதற்கு முன் ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்பதும் பதிவாக வேண்டுமல்லவா? சரியாக ஐந்தாம் நாள் நான்காம் தெரு இருமும். இப்படியே ஏழு தெரு. ஒரு கணிப்புகூடத் தப்பவில்லை. நிலையத்தில் கைதட்டினார்கள்.

வீட்டில் மட்டும் கைதட்டல் இல்லை.

"ஊர் இருமலை எண்ணறது இருக்கட்டும். உங்க இருமலைப் பாருங்க முதல்ல. மூணு வாரமா லொக்கு லொக்குன்னு..." என்றாள் மனைவி.

"இது ஏசி இருமல். வேற வகை."

'தொற்றைத் தடுப்பது எப்படி' என்ற மாநாட்டுக்குப் போய் வந்த நாள்முதல் அவருக்கு அந்த 'வேறு வகை' இருந்தது.

எல்லாத் தெருவையும் கோடு போட்டு இணைத்தபோது, வரைபடத்தின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம் பூசணிக்காய் அளவுக்கு வந்து உட்கார்ந்தது. முதல் தெரு தையல்கடை. ஏழு தெருக்காரர்களும் அளவு கொடுக்கப் போகும் இடம். 'தொற்றின் பிறப்பிடம் கண்டறியப்பட்டது' என்று அறிக்கை போனது. மறு உத்தரவு வரும்வரை கடைக்குப் பூட்டு.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அறுபது சீருடைகள் வெட்டியபடி உள்ளே கிடந்தன. தையல்காரம்மா நிலையத்துக்கே வந்துவிட்டாள்.

"சார், வருஷம் பூரா நான் காத்திருக்கறது இந்த ஒரு வாரத்துக்குத்தான். நீங்க வந்து உக்காந்து கேள்வி கேட்டுட்டுப் போனீங்களே, அதுக்கப்புறம்தான் எனக்கு இருமலே வந்துச்சு."

ஆய்வாளர் பரிவோடு சிரித்தார். "அப்படித்தாம்மா தோணும். இதுக்கு 'நினைவுப் பிழை'ன்னு பேரு."

"எங்க தெருவுல பதினோரு வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்க."

"அப்போ பதினோரு நினைவுப் பிழை" என்று இருமியபடியே குறித்துக்கொண்டார்.

அவள் போன கையோடு பரிசோதனைக்கூடத்துப் பெண் வந்து நின்றாள்.

"சார், கிருமியோட மரபணு வரிசை வந்துடுச்சு. எது எதுலேர்ந்து வந்ததுன்னு வம்சாவளி போட்டாச்சு. தையல்கடை சாம்பிள் நடுவுல எங்கயோ இருக்கு. எல்லாத்துக்கும் மூத்தது நம்ம கன்ட்ரோல் சாம்பிள்."

கன்ட்ரோல் என்றால், நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நோயில்லாத ஆளின் சளி மாதிரி. ஆரோக்கியமான ஆளைத் தேடி எங்கே அலைவது என்று, ஆய்வாளர் தம் தொண்டையிலேயே பஞ்சுக்குச்சியை விட்டுக் கொடுத்திருந்தார்.

"ஏதாவது கலந்திருக்கும்மா."

"மூணு தடவை பார்த்துட்டேன் சார். ஏழு தெருவுல இருக்கறதும் அந்தக் கன்ட்ரோலோட பிள்ளை குட்டிங்கதான்."

ஆய்வாளர் ஒரு தாளை எடுத்தார். தாம் போன நாட்களையும் தெருக்கள் இருமிய நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். இத்தனை கச்சிதமான அட்டவணையை அவர் வாழ்நாளில் போட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, இயக்குநர் அறைக்கு ஓடினார்.

முழுவதையும் கேட்டுவிட்டு இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கன்ட்ரோல்தானே? கன்ட்ரோலுக்கு எப்படிய்யா நோய் வரும்? வந்தா அது கன்ட்ரோலே இல்லையே!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"அப்போ கன்ட்ரோல் இல்லாத ஒண்ணை ஆய்வுல வெச்சிருக்கறது பெரிய தப்பு. எடுத்துடுங்க."

"அந்தத் தையல்காரம்மா கடை சார்... பாவம்..."

"திறக்கலாமே. என்ன, அறிக்கையைத் திருத்தணும். ஆய்வாளரே ஏழு தெருவுக்கும் வீடு வீடா கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தார்னு எழுதணும். எழுதறீங்களா?"

எழுதுகிறேன் என்று சொல்லத்தான் ஆய்வாளர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. இருமி முடித்தபோது, சொல்லியே தீர வேண்டும் என்ற அந்த வேகம் போய்விட்டிருந்தது. தம் இடத்துக்கு வந்து, கணினியில் 'கன்ட்ரோல்' என்றிருந்த அந்த ஒரு வரியைத் தேடி அழித்தார். பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் குட்டையாகிப்போன பழைய சீருடையில் பள்ளிக்குப் போனார்கள். பிறகு மறு உத்தரவு வந்து பூட்டைத் திறந்த அன்றே, வெட்டிய துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஜனங்கள் வேறு கடைக்கு நடந்தார்கள். 'இருமல் கடை' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

அடுத்தது எட்டாம் தெரு என்று கணினி சொல்லியிருந்தது. ஆனால் எட்டாம் தெருவில் ஒருவர்கூட இருமவில்லை. கடையை மூடியதால்தான் எட்டாம் தெரு பிழைத்தது என்று ஆய்வுக் கட்டுரை புள்ளிவிவரத்தோடு நிறுவியது. நிலையத்தில் மறுபடியும் கைதட்டல்.

கட்டுரை பதினெட்டுப் பக்கம். தனிமனித கௌரவம் கருதி, தையல்காரம்மாவின் பெயர் அதில் இல்லை. ஏழு தெருவுக்கும் நோயைக் கொண்டுபோனவர் பெயர் மட்டும் ஒளிவுமறைவில்லாமல் அச்சாகியிருக்கிறது. தலைப்புக்கு நேர் கீழே, ஆசிரியர் வரிசையில், முதல் பெயராக.