அக்காவின் இடது பாதி

என் அக்காவுக்கு இடது கன்னமே கிடையாது என்று நிபோங் திபாலில் ஒரு குடும்பம் நம்பியதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (கன்னம் அப்போதும் இருந்தது, இப்போதும் நன்றாகவே இருக்கிறது.)

பினாங்குப் பாலம் வருவதற்கு முந்தைய காலம். எனக்குப் பத்தொன்பது வயது. தினமும் தீவிலிருந்து ஃபெரியில் அக்கரைக்குப் போய், பிறையில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நான் கலைஞன். கழுத்தில் ஒரு பழைய கேமரா தொங்கும். ஃபெரியில் எல்லோரும் கடலைப் பார்த்தால் நான் கயிற்றைப் பார்ப்பேன்.

எல்லாம் நூலகத்தில் கிடைத்த ஒரு கனமான புத்தகத்தால் வந்தது. உலகத்தின் பெரிய புகைப்படக் கலைஞர்களைப் பற்றிய புத்தகம். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, ஆனால் படங்கள் முழுதாகப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். ஒருவர் காய்கறிகளைப் படம் எடுத்தே பேர் வாங்கியவர். அவர் எடுத்த குடைமிளகாய் தியானத்தில் உட்கார்ந்த முனிவர் மாதிரி இருந்தது. இன்னொருவர் மலைக்கு எதிரே கேமராவை நட்டுவிட்டு ஒரே ஒரு மேகத்துக்காக நாள் முழுக்கக் காத்திருப்பாராம். மூன்றாமவர் முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்து, மறு பாதியை இருட்டிலேயே விட்டுவிடுவார். காய்கறியைத் தொட அம்மா விடமாட்டாள். மேகத்துக்குக் காத்திருக்க சூப்பர்வைசர் விடமாட்டார். பாதி முகம்தான் எனக்குக் கட்டுப்படியாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மாலதி அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை அக்கரையில், நிபோங் திபாலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவருடைய போட்டோவை அக்கா ஒருமுறைதான் பார்த்தாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அது அக்காவின் கைப்பையில் அவள் வேலை பார்த்த கிளினிக்குக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அக்காவுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

"ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லதா ஒரு போட்டோ புடிச்சி, அவுங்களுக்கு அனுப்பிரு" என்றாள் அம்மா.

ஸ்டூடியோவா? திரைச்சீலையில் வரைந்த அந்த நீர்வீழ்ச்சிக்கு முன்னாலா? வீட்டில் ஒரு கலைஞன் இருக்கும்போதா? சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் அக்காவை உட்காரவைத்தேன். இடது பக்கம் அப்பாவின் கறுப்புக் குடையை விரித்துக் கட்டினேன். "இது எதுக்குடா?" என்று அக்கா கேட்டாள். "மர்மம்" என்றேன். கடையில் கழுவி வந்த படத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. ஒரு பிரதியை அன்றைக்கே தபாலில் போட்டேன். இன்னொன்றைப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீதி எங்கடா?"

"அதான்பா கலை."

அம்மா நெஞ்சில் கைவைத்தாள். "கடைக்காரன் சரியா கழுவலயாடா? இன்னொரு தடவ கழுவச் சொல்லு!"

"அனுப்பிட்டேன்மா."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்பதை எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போடமாட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து கடிதம் வந்தது. பெண்ணை நேரில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். 'பகல் வெளிச்சத்தில்' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

சனிக்கிழமை அக்காவுக்குப் பல் வலித்தது. ஞாயிறு காலை எழுந்து வந்தாள். ஒரு கன்னம் போண்டா மாதிரி வீங்கியிருந்தது. எந்தக் கன்னம் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் இடது கன்னம்தான். வர வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் போன் இல்லை. அவர்கள் அந்நேரம் ஃபெரியில் ஏறியிருப்பார்கள்.

அம்மா ஒரு திட்டம் போட்டாள். இடது கன்னம் சுவரைப் பார்க்கும்படி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தாள். கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சு வாயில். தலையை அசைக்கவே கூடாது. யோசித்துப் பாருங்கள், என் போட்டோவில் இருந்த அதே போஸ்!

மாப்பிள்ளையின் அம்மா முறுக்கைத் தொடவில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா" என்றார். அக்கா தரையைப் பார்த்தாள். அந்த அம்மா எழுந்து, சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனார். அக்கா மெதுவாக எதிர்ப்பக்கம் திரும்பினாள். அவர் இந்தப் பக்கம் வந்தார், அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். இப்படியே இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்றில் பிடித்துவிட்டார்.

"அலமாக்! நான் அப்பவே நெனச்சேன்லா! பொறந்ததுலேர்ந்தே இப்படித்தானா?"

அக்கா பதறிப்போய், "இல்லீங்க, பல்லு" என்று சொல்லப்பார்த்தாள். பஞ்சோடு அது "இய்யீங்ங, பயுயு" என்று வந்தது.

"ஐயோ, பேச்சும் வராதா!"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"பேசுவாங்க ஆன்ட்டி. நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசுனாங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கேமரா ஃபிலிமே எரிந்திருக்கும். அம்மா பல்வலிதான் என்று எவ்வளவோ சத்தியம் செய்தாள். அந்த அம்மா நம்பவில்லை. மாப்பிள்ளை பையிலிருந்து என் போட்டோவை எடுத்து அதையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துச் சொல்றோம்" என்று எழுந்து போய்விட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்கா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. கேமராவைக் கடலில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பல்லைப் பிடுங்கி, வீக்கமும் வடிந்து ஒரு வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"கேமராவ எடு. கொடையக் கட்டு. இந்த வாட்டி வலது பக்கம் கட்டு."

அதே ஜன்னல், அதே நாற்காலி. இம்முறை இடது கன்னத்துக்கு வெளிச்சம், வலதுக்கு இருட்டு. படத்தின் பின்னால் அவளே எழுதினாள்: 'மீதி இது. பல்லைப் பிடுங்கியாயிற்று.' அப்பா அம்மாவிடம் சொல்லாமல், மாப்பிள்ளையின் பள்ளி முகவரிக்கு அவளே தபாலில் போட்டாள். அக்காவுக்கு இவ்வளவு துணிச்சல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மலைத்துப்போனேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் மாப்பிள்ளை நின்றார். தனியாக, மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். கையில் இரண்டு போட்டோக்களையும் நடு மூக்கில் வெட்டி ஒட்டிய ஓர் அட்டை. நான் முதல் படத்தைத் தள்ளி நின்றும் இரண்டாவதைக் கிட்ட நின்றும் எடுத்துத் தொலைத்திருந்தேன். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும், மூக்கு இரண்டு மாடியாகவும் இருந்தது.

அம்மாவுக்கு அதைப் பார்த்து மயக்கமே வந்துவிட்டது. மாப்பிள்ளை அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டையும் ஒட்டிப் பாத்தேன். பொருந்தல. அதான் நேர்லயே இன்னொரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா நேராக அவர் பக்கம் திரும்பினாள், முழு முகத்தோடு.

கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர்தான் படம் எடுத்தார். என்னைப் பந்தி பரிமாற விட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து எனக்குப் பெண் பார்த்தபோது, போட்டோ எடுக்கும் பொறுப்பை அக்கா பிடிவாதமாக வாங்கிக்கொண்டாள். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொன்னாள். பின்னாலிருந்து 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது. "அவ்வளவுதான், முடிஞ்சிருச்சி" என்றாள். அந்தப் பின்னந்தலைதான் பெண் வீட்டுக்குப் போனது என்று நிச்சயம் ஆன பிறகே எனக்குத் தெரியும்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அந்தப் படத்தை எடுத்துக் காட்டிவிடுவாள்.

"இதப் பாத்துத்தான் சரின்னு சொன்னேன். திரும்புவாருன்னு யாருமே சொல்லல லா!"