எடைமேடை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்

ஷார்ஜாவில் இருக்கும் தம்பி நியாஸுக்கு, மரக்காணத்திலிருந்து உன் அக்கா மெஹரூன்னிசாவின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் ஹசீனாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் நான் பாதி சொல்லும்போதே வைத்துவிடுகிறாய். அதனால் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முழுதும் படி.

"எடைமேடைல நீ உக்காந்தது போதும்க்கா, ஹசீனா தம்பி இஜாஸ் உக்காரட்டும்" என்று நேற்று சொன்னாயே, அந்தப் பேச்சை இத்தோடு விடு. எடைமேடை உன் பெயரில் இருக்கலாம், நாற்காலியில் இருப்பது நான். நடந்ததைக் கேள். எடைமேடைக் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்கிறதே என்று, அதில் என்னென்ன கிடக்கிறது என்று பார்த்தேன். ரன்டைம் லைப்ரரி என்று ஒரே பெயரில் ஆறேழு இருந்தன, வருடம் மட்டும்தான் வேறு வேறு. புதியது இருக்கும்போது பழையது எதற்கு என்று, கடைசி வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தேன். பிரிட்ஜைச் சுத்தம் செய்பவள் வேறு என்ன செய்வாள்? மறுநாள் காலையில் எடைபோடும் புரோகிராமைத் திறந்தால், ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. வெளியே உப்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன, கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, டிரைவர் வேல்முருகன் வேறு "எடை சீட்டு இல்லாம வண்டிய எடுக்க மாட்டேங்க, வழில போலீஸ் புடிச்சா நீங்களா வருவீங்க?" என்று நிற்கிறார். கடைசியில் எல்லா வண்டியையும் நமக்குப் போட்டியாக இருக்கும் எடைமேடைக்கே அனுப்பினேன். அவமானம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தச் சேதியை உனக்கு யார் சொன்னது என்றும் எனக்குத் தெரியும்.

ஆனால் தப்பு என் மேல் இல்லை. அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் ஆரோவில் பக்கம்தானே இருக்கிறார்கள், சிபியூவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நேராகப் போய்விட்டேன். அங்கே சகாயசெல்வி என்ற பெண் பொறுமையாகச் சொன்னாள்: நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றித் தருவது கம்பைலராம், மாற்றியது ஓடுவதற்கு அந்தக் கம்பைலரின் லைப்ரரியும் கூடவே இருக்க வேண்டுமாம், பழைய கம்பைலரில் செய்ததற்குப் பழைய லைப்ரரிதான் வேண்டும், புதியது ஆகாதாம். "அப்ப அதையும் சேத்தே குடுக்க வேண்டியதுதானேம்மா?" என்றேன். "எல்லார் கம்ப்யூட்டர்லயும் ஏற்கெனவே இருக்கும்னு விட்டுட்டோம் ஆன்ட்டி" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம். நம் பெண் அர்ஷியாவைக் கட்டிக்கொடுத்தபோது தேங்காய்த் துருவி, இடியாப்ப உரல் வரைக்கும் கொடுத்தனுப்பினோம். மாமியார் வீட்டில் இருக்கும் என்று சும்மா விட்டோமா? அங்கே இருந்தால் இருக்கட்டும், நம் பிள்ளைக்கு வேண்டியதை நாம்தானே கொடுத்தனுப்ப வேண்டும். இதை அங்கேயே நின்று சத்தமாகச் சொன்னேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சாயந்திரத்துக்குள் லைப்ரரியையும் உள்ளேயே வைத்துப் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது எடைமேடை ஓடுகிறது. நான் அழித்தது அழித்ததுதான், ஒன்றைக்கூடத் திரும்பப் போடவில்லை.

ஆகவே இஜாஸ் வேண்டாம். நல்ல பிள்ளைதான், வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும். உன் மச்சான் மவுத்தாகி என்னைத் தனியாக விட்டுப்போன பிறகு என்னை ஒரு ஆளாக யாரும் மதிக்கவில்லை. இன்றைக்கு லாரிக்காரர்கள் "மேடம், சீட்டு" என்று வந்து நிற்கிறார்களே, அது இந்த நாற்காலியால்தான். இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. நீயே விமானம் ஏறி வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

ஹசீனாவுக்கு என் சலாம். அல்லாஹ் உன் தொழிலில் பரக்கத்தையும், அக்கா பேச்சை முழுதாகக் கேட்கும் பொறுமையையும் உனக்குத் தருவானாக, ஆமீன்.

உன் அக்கா,
மெஹரூன்னிசா

பி.கு.: போட்டோ எடுக்கப் போகும்போது சகாயசெல்வி போன் செய்தாள். அவர்கள் கம்ப்யூட்டர்களில் எல்லாமே இருப்பதால், எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிவதே இல்லையாம். புரோகிராமை வெளியே கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட்ட வெறும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, இது இல்லை அது இல்லை என்று சண்டை போட ஓர் ஆள் வேண்டுமாம். "உங்கள மாதிரி யாரும் கேக்க மாட்டாங்க ஆன்ட்டி, வந்துடுங்க" என்றாள். தனி மேஜை, ஏ.சி. ரூம். திங்கட்கிழமை சேர்கிறேன். இஜாஸை உடனே அனுப்பு. அவன் கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல். அதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.