என் கல்யாணத்தில் மேளம் இல்லை

கிழக்குத் தாம்பரம்,
12.4.1999

அன்புள்ள தட்சிணாமூர்த்தி மாமாவுக்கு,

மேளத்தை ரத்து பண்ணிவிட்டேன் மாமா, வைகாசியில் என் கல்யாணம் மேளமே இல்லாமல்தான் நடக்கப்போகிறது!

மறைமலை நகரில் நீங்களும் சரோஜினி அத்தையும் நலம்தானே? தாய்மாமன் சீராக நீங்களே பேசிவைத்த மேளம். கோபம் வரும். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றியதும் மேளம் முழங்க, தம்பி அரி காதைப் பொத்திக்கொண்டு ஓடி சமையல்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். பத்தொன்பது வயசுப் பிள்ளை. அங்கேயாவது விட்டோமா? அத்தை விபூதி பூசினார், நான் கட்டிப்பிடித்தேன், நீங்கள் மேளக்காரரையே உள்ளே கூட்டிவந்து, "இன்னொருவாட்டி வாசிங்க, பழகிடும்" என்றீர்கள். அவன் துள்ளி எழுந்ததில் மோர் அண்டா கவிழ்ந்து, சம்பந்தி வீட்டார் மோர் இல்லாமல் சாப்பிட்டுப் போனார்கள். எல்லாம் பாசம்தான். அவனுக்குப் பயம் என்று நினைத்தோம்.

அப்புறம்தான் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் தேடினேன். இதற்கு ஆட்டிசம் என்று பேராம். அவனைப் போலவே ஒருத்தர், எந்த ஊரோ, தன்னைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார். நான் அவருக்கு ரசிகையே ஆகிவிட்டேன். சத்தம் அவருக்குக் காதோடு நிற்காதாம், உடம்பெல்லாம் விழுமாம். சொல்லாமல் வந்து கட்டிப்பிடித்தாலும் அப்படித்தானாம். அன்றைக்கு நாம் எல்லாருமாக அவன் மேல் விழுந்திருக்கிறோம் மாமா.

அப்பாவிடம் சொன்னேன். "தாலி கட்டற நேரத்துல மோளம் இல்லாம எவனாச்சும் தும்மினா, அபசகுனமாச்சே, இன்னா பண்ணுவே?" என்றார். மாப்பிள்ளை தயாளன்தான், "ஜலதோஷம் புடிச்சவங்க கல்யாணத்துக்கு வரக்கூடாதா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார்.

முகூர்த்தம் முடிகிறவரை அரியைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்காரவைக்கலாம் என்றீர்களே, அது மட்டும் வேண்டாம். ஓமத்தில் இடும் பொரியைத் தம்பிதான் என் கையில் போடவேண்டும். அவன் இல்லாத மணையில் நான் உட்காரமாட்டேன்.

உங்கள் அட்சதைக்குத் தலைகுனியக் காத்திருக்கும் மருமகள்,
ஜெயக்கொடி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் அரியிடம், "மோளம் கிடையாதுடா, நிம்மதியா வா" என்றேன். "மோளம் புடிக்கும். எப்ப அடிப்பாங்கன்னு தெரியாததுதான் புடிக்கல. வாசலாண்ட நிக்கிறேன். நான் கை காட்டினா அடிக்கட்டும்" என்றான். இத்தனை பேர் இத்தனை யோசித்தோம், அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. ஆகவே மேளம் உண்டு. மேளக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வரப்போகும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லுங்கள் மாமா: தாலி எடுக்கும்போது மேடையைப் பார்க்க வேண்டாம், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் வாசலைப் பாருங்கள்.