டம்ளரும் கையுமாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இந்த இடத்தில் இங்கு யாவரும் சுகம் என்று ஒரு வரி வர வேண்டும். அதை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். எழுதி முடித்த பிறகு அந்த வரியை என்ன செய்வது என்று பார்த்துக்கொள்ளலாம். நீங்களும், என் மகளும், உள்ளே இருந்தபடியே எல்லோரையும் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மனிதரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. கடிதம் வீட்டுக்கு வராமல் ஆபீசுக்கு வந்திருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். காரணத்தோடுதான் அனுப்பியிருக்கிறேன்.

முதலில் உங்கள் மேல் ஒரு புகார். போன முறை வந்திருந்தபோது, ரிடையராகி வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்கும் ரோந்து போய்க்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, போக்கர் என்று ஒரு சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனீர்கள். "மாமா, இதுல சீட்டைப் பார்க்கிறதைவிட எதிராளி மூஞ்சியைப் பார்க்கிறதுதான் முக்கியம். கையில ஒண்ணுமே இல்லாதவன் ராஜா மாதிரி உட்காருவான். நல்ல சீட்டு வச்சிருக்கிறவன் மூக்கால அழுவான். ஆயுசு பூரா ரயில்ல டிக்கெட் சோதிச்சவர் நீங்க, உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு" என்றீர்கள். நானும் உச்சி குளிர்ந்து போனேன். டிக்கெட் இல்லாதவனை அவன் தூங்கும் லட்சணத்தை வைத்தே பிடித்தவன் அல்லவா நான்? நிஜமாகத் தூங்குகிறவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். நடிக்கிறவன் வாயை அழகாக மூடிக்கொண்டு இமையை மட்டும் படபடக்க விடுவான். இவ்வளவு தெரிந்தவனை நான்கு பேர் ஆட்டத்தில் யார் அசைக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

ஆட்டம் தையல்காரர் கடையின் பின்னறையில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். அவர், பல் டாக்டர், பஸ் ஓட்டி ஓய்ந்த மீசை, நான். காசு கிடையாது, கடையில் மீந்த பொத்தான்கள்தான் பந்தயம். கோட்டுப் பொத்தானுக்கு மதிப்பு அதிகம். நீங்கள் படித்துப் படித்துச் சொன்ன தப்புகள் அத்தனையையும் நான் ஒன்றுவிடாமல் செய்தேன் மாப்பிள்ளை. வந்த சீட்டையெல்லாம் ஆடாதே என்றீர்கள். வந்த சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது வேலைக்கு மட்டம் போடுவது போல எனக்கு உறுத்தியது, எல்லாவற்றையும் ஆடினேன். இவ்வளவு போட்டாயிற்றே என்று மேலே மேலே போடாதே என்றீர்கள். போட்ட பொத்தான் என்னைப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், போட்டேன். தோற்ற கோபத்தோடு அடுத்த ஆட்டத்தை ஆடாதே என்றீர்கள். கோபம் இல்லாமல் நான் என்றைக்கு எதைச் செய்திருக்கிறேன், உங்கள் மாமியாரைக் கேட்டால் சொல்வாள். போன வாரம்கூட ஒரு நாள் பல் டாக்டர் சீட்டைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. ஆசாமி பயப்படுகிறார், மாட்டினார் என்று என் பொத்தான் மொத்தத்தையும் நகர்த்தி, அது போதாமல் சட்டையின் நடுப் பொத்தானையும் பிய்த்து வைத்தேன். அவர் மூன்று ராணிகளைக் கீழே வைத்தார். "பயம் இல்லை சார், சந்தோஷம். எனக்குச் சந்தோஷம் வந்தாத்தான் கை நடுங்கும். அதனாலதான் பல்லு பிடுங்கும்போது சந்தோஷமே படமாட்டேன்" என்றார். திறந்த மார்போடு வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் மாமியார் என்னை நிற்க வைத்தே புதுப் பொத்தான் ஒன்றைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை கூட! அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மற்ற இரண்டு பேரை மட்டும் ஆரம்பத்திலேயே கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். தையல்காரருக்கு நல்ல சீட்டு வந்தால் கழுத்தில் தொங்கும் டேப்பின் இரண்டு நுனியையும் சமமாக இழுத்துவிடுவார். மீசை ஓயாமல் பேசினால் கையில் ஒன்றும் இல்லை, சும்மா மிரட்டுகிறார். திடீரென்று வாய் மூடினால் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

இந்தப் படிப்பு எனக்கு எங்கே உதவியது தெரியுமா மாப்பிள்ளை? ஆஸ்பத்திரியில். போன மாதம் உங்கள் மாமியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கூட்டிக்கொண்டு போனேன். ரிப்போர்ட் வந்த அன்றைக்கு நர்ஸ் அவளை எடை பார்க்க அடுத்த அறைக்கு அழைத்துப்போனாள். அதுவரை வெயிலைப் பற்றியும் அவர் மகன் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த டாக்டர், உறையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாய் மூடினார். எனக்கு மீசை ஞாபகம் வந்துவிட்டது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது மாப்பிள்ளை. வயிற்றில் ஆரம்பித்தது எல்லா இடத்துக்கும் பரவிவிட்டதாம். கத்தி வைத்துப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து, "என்ன சொல்றாரு?" என்றாள். "வயித்துப் புண்ணாம். மாத்திரை சாப்பிட்டாப் போதுமாம்" என்றேன். என் ஆயுசில் நான் ஆடிய முதல் பெரிய ஆட்டம். அவள் "அவ்வளவுதானே" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

உங்கள் மாமியாருக்கு இது தெரியக்கூடாது. தெரிந்தால் அவள் முகத்தைப் பார்த்து மகளுக்குத் தெரிந்துவிடும். பிரசவ நேரத்தில் மகள் இடிந்து போனால் என்ன ஆவது? அதனால்தான் அங்கே வருகிறோம், வருகிறோம் என்று சொல்லிவிட்டு, முதுகுவலி, பூட்டு ரிப்பேர் என்று சாக்குச் சொல்லிக் கடத்திக்கொண்டிருக்கிறேன். எப்போதும் போல இருக்க வேண்டும் என்று சீட்டாடவும் போகிறேன். அவளே, "போய் ஆடிட்டு வாங்க, வீட்டுல உட்கார்ந்து என் மூஞ்சியை என்னத்தைப் பார்த்துக்கிட்டு" என்று துரத்துகிறாள். பொத்தான் தைத்தபோது திட்டவில்லையே, உடம்புக்குக் கொஞ்சம் தேவலை போலிருக்கிறது, மனசும் அமைதியாகிவிட்டது என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நேற்றுத்தான் இடி விழுந்தது. கையில் ஒரு உருப்படாத ஜோடி கூட இல்லாமல், ராஜாக்கள் வைத்திருப்பவன் போல உட்கார்ந்துகொண்டு பொத்தான்களை ஏற்றினேன். மூன்று பேரும் பார்வையைப் பரிமாறிக்கொண்டு அவர்களும் ஏற்றினார்கள். எப்போதும் இதேதான் நடக்கிறது. பொறுக்க மாட்டாமல், "எப்படிய்யா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கத்திவிட்டேன். தையல்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு நல்ல சீட்டு வந்தா நாங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாது. கையில ஒண்ணும் இல்லைன்னா போதும், மரியாதை வந்துடும். 'தண்ணி வேணுமா, கொண்டு வரட்டா'ன்னு பானைக்கு எழுந்திருப்பீங்க. நீங்க டம்ளரும் கையுமா வந்தா நாங்க பொத்தானை ஏத்துவோம்" என்றார். மீசை, "நான் இங்க வந்து குடிச்ச தண்ணியெல்லாம் நீங்க தோத்த ஆட்டம்தான்" என்றார். நானும் அவர்களோடு சேர்ந்துதான் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தெருவில் கால் நின்றுவிட்டது. மாப்பிள்ளை, கல்யாணமான நாள் முதல் உங்கள் மாமியாருக்கு நான் ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தவன் இல்லை. கேட்டால் "உனக்குக் கை இல்லையா" என்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலத்திலிருந்து, மாத்திரை வேளைக்கெல்லாம் டம்ளரும் கையுமாக அவள் முன்னால் போய் நிற்கிறேன். நானே கவனிக்கவில்லை. கால் தன்னால் போகிறது.

சரி, இனிமேல் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நேற்றுச் சாயங்காலம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம் அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து போய் மொண்டு குடித்தாள். டம்ளரைப் பிடித்த கை ஆடி, பாதித் தண்ணீர் தரையில். நான் பேப்பருக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன். இந்த ஆட்டம் என்னால் முடியவில்லை மாப்பிள்ளை. தண்ணீர் கொடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நெஞ்சு இல்லை. எதிராளி முகத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தீர்களே, என் முகத்தை நான் என்ன செய்து மறைப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டீர்களே. அதற்கு ஏதாவது வழி இருந்தால் உடனே எழுதவும். என் மகளிடம் மூச்சு விட வேண்டாம். நீங்களும் இப்போது ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். வீட்டில் அநாவசியமாக மரியாதையாக நடந்துகொள்ள வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடவும்.

மகள் கனமான எதையும் தூக்க வேண்டாம். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் மாமியார் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள். "நேத்து ஏன் தண்ணி கொண்டு வரலை?" என்றாள். நான் உறையை மடியில் மறைத்துக்கொண்டேன். "என்ன, அது உங்களைக் காட்டிக்கொடுக்குதுன்னு யாராவது சொல்லிட்டாங்களா?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் மாப்பிள்ளை. நான் முதல் நாள் டம்ளரோடு வந்து நின்றபோதே தெரிந்துவிட்டதாம். மறுவாரம் எடை பார்க்கப் போன இடத்தில் டாக்டரிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டாளாம். "அப்ப ஏன்டி சொல்லலை?" என்றேன். "நீங்க மறைக்கிறதா நினைச்சுக்கிட்டுக் கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு. அதுவுமில்லாம, சொல்லிட்டா நீங்க தண்ணி கொண்டு வர்றதை நிறுத்திடுவீங்களோன்னு இருந்துச்சு" என்றாள். எத்தனை ரயிலில் எத்தனை ஆயிரம் முகத்தைப் படித்தவன் நான்; எதிரே உட்கார்ந்திருந்த இந்த முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆகையால் மேலே எழுதியது எல்லாம் ரத்து. வருகிற வாரமே கிளம்பி அங்கே வருகிறோம். பிரசவத்தின்போது மகள் பக்கத்தில் அவள் இருக்க வேண்டுமாம். குழந்தை பிறந்த பிறகு மகளிடம் அவளே சொல்லிக்கொள்வாளாம். அதுவரை நான் மகள் கண்ணில் படாமல் உங்களோடு சீட்டாட வேண்டும் என்று உத்தரவு. முதல் பக்கத்தில் விட்டிருந்த காலி வரியைக் காட்டி, "இது என்ன?" என்றாள். சொன்னேன். "சுகம்னு போடுங்க. இன்னிக்கு நான் ரெண்டு வாய் சாப்பிட்டேன் இல்ல?" என்றாள். போட்டதாக வைத்துக்கொள்ளவும். அவளுக்கு மாத்திரை வேளை வந்துவிட்டது, இத்துடன் நிறுத்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போகிறேன்.